கோழிக்குக் கொசுறாக என்ன போடலாம், எவ்வளவு போடலாம்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருச்சிக்குப் பக்கத்தில் வீட்டுக் கொல்லையில் எட்டுக் கோழி வளர்க்கிறீர்கள். ஐந்து கிராமப்பிரியா, மூன்று சிறுவிடை. முட்டையிடும் கோழிக்கென்றே கலந்து விற்கும் லேயர் தீவனம் மூட்டையாக வாங்கி வைத்திருக்கிறீர்கள். அது போகக் காலையில் மீந்த சாதம், பிறகு காய்கறித் தோல், மத்தியானம் பிள்ளைகள் போடும் பொட்டுக்கடலையும் மிக்சரும், சாயங்காலம் குருணை, வாரத்தில் இரண்டு நாள் கருவாட்டுத் தலை. சித்திரை பிறந்ததிலிருந்து ஓடு மெலிந்துவிட்டது, கையில் எடுக்கும்போதே விரிசல் விடுகிறது. ஒரு கோழி இரண்டு தடவை தோல் முட்டை, அதாவது ஓடே இல்லாமல் வெறும் சவ்வோடு வரும் முட்டை, போட்டுவிட்டது. எதை நிறுத்துவது, புதிதாக எதைச் சேர்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நீங்கள் போடுவதில் மிக்சரையும் கருவாட்டுத் தலையையும் தவிர எதுவும் கெட்ட தீனி இல்லை. ஆனால் கொசுறு என்று நினைத்துப் போடுவது எல்லாம் சேர்ந்து சாப்பாடாகவே ஆகிவிட்டது. கோழியின் இரைப்பை சின்னது. கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கிறதே, அந்தப் பை நிறைந்துவிட்டால் கோழி போய் நிழலில் உட்கார்ந்துகொள்ளும். காலையில் கூண்டைத் திறந்ததும் அது சாதத்தால் நிறைந்தால், தட்டில் இருக்கும் லேயர் தீவனம் அப்படியே கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய சத்து தட்டிலேயே தங்கிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். முட்டையிடும் கோழி ஒரு நாளைக்கு ஏறத்தாழ 100 முதல் 120 கிராம் வரை தீவனம் தின்னும். லேயர் தீவனத்தில் புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம் இருக்கும். 100 கிராம் தின்றால் 17 கிராம் புரதமும் மூன்றரை கிராம் கால்சியமும் உள்ளே போகிறது. அதில் 40 கிராம் இடத்தைக் குருணை பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். குருணையில் புரதம் 7 சதவீதம்தான், கால்சியம் இல்லையென்றே சொல்லலாம். இப்போது கோழிக்குக் கிடைப்பது 13 கிராம் புரதம், 2.1 கிராம் கால்சியம். ஒரு முட்டை ஓட்டின் எடை 5, 6 கிராம். அதில் கால்சியம் மட்டும் 2 கிராம். தின்னும் கால்சியத்தில் பாதியளவுதான் உடம்பில் சேரும் என்பதால் 2.1 கிராம் தின்ற கோழிக்கு ஓட்டுக்காகக் கிடைப்பது 1 கிராம். மீதியைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். சில நாளைக்கு அப்படி ஓட்டிவிடும், அப்புறம் ஓடு மெலியும், பிறகு தோல் முட்டை வரும். உங்கள் கொல்லையில் நடப்பது பெரும்பாலும் இதுதான்.

சிறுவிடைகளுக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இருக்காது. ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டை இட்டுவிட்டு, இடையில் அடைக்கு உட்கார்ந்து உடம்பைத் தேற்றிக்கொள்ளும் இனம் அது. நம் பாட்டிமார் குருணையும் தவிடும் எச்சில் சோறும் போட்டே நாட்டுக்கோழி வளர்த்ததும் அதனால்தான். நாள் முழுக்க மேய்ந்து புழு, பூச்சி, புல், மண் என்று பொறுக்கித் தின்ற கோழி, கொஞ்சமாக முட்டையிட்ட கோழி. ஹைதராபாத்தில் உருவாக்கிய கிராமப்பிரியா வீட்டு வளர்ப்பிலேயே 150 முட்டைக்கு மேல் இடக்கூடியது. அதற்குப் பாட்டி காலத்துத் தீனி போதாது. உங்கள் எட்டில் ஓடு மெலிந்த முட்டைகள் எவை என்று நிறத்தையும் அளவையும் வைத்துப் பாருங்கள். கிராமப்பிரியாவுடையதாகத்தான் இருக்கும்.

ஆகவே முதல் வேலை, வரிசையை மாற்றுவது. காலையில் கூண்டைத் திறந்ததும் லேயர் தீவனமும் தண்ணீரும் மட்டும். பத்துப் பதினோரு மணி வரை வேறு எதுவும் வேண்டாம். கொசுறு எல்லாம் அதற்குப் பிறகு, நாள் முழுவதற்குமான தீனியில் பத்தில் ஒரு பங்குக்குள். ஒரு கோழிக்கு 10, 12 கிராம். எட்டுக் கோழிக்குச் சேர்த்து இரண்டு கைப்பிடிக் கம்பு. இது உலர்ந்த தானியத்துக்கான கணக்கு. கீரை, வெள்ளரி, தர்பூசணி மாதிரி தண்ணீர்ச் சத்துள்ளவை கொஞ்சம் கூடினாலும் பாதகமில்லை. பிள்ளைகள் ஆசையாகப் போடுவதைத் தடுக்கச் சொல்லவில்லை. அந்த இரண்டு கைப்பிடியையும் அவர்கள் கையால் சாயங்காலம் போட வையுங்கள். கோழி அவர்களைப் பார்த்து ஓடி வருவதும் நிற்காது.

அடுத்தது கிளிஞ்சல். தீவனக் கடையில் கிளிஞ்சல் தூள், சிப்பித் தூள் என்று கேட்டால் கொடுப்பார்கள். மாவாக அரைத்தது வேண்டாம், கல் உப்பு அளவில் குருணையாக உடைத்ததை வாங்குங்கள். அதில் எடையில் 38 சதவீதம் கால்சியம். 5 கிராம் தின்றாலே 2 கிராம் கிடைத்துவிடும். இதைத் தீவனத்தில் கலக்காமல், தனிக் கொட்டாங்குச்சியில் எப்போதும் கிடைக்கும்படி வையுங்கள். முட்டையிடும் கோழிக்குத் தனக்கு இது தேவை என்று தெரியும். முட்டையிடாத கோழியும் சேவலும் ஒன்றிரண்டு கொத்திவிட்டுப் போய்விடும். குருணையாக வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. ஓடு உருவாக ஏறத்தாழ 20 மணி நேரம் ஆகிறது, அதில் பெரும்பகுதி இரவில், கோழி பரணில் தூங்கும்போது நடக்கிறது. சாயங்காலம் தின்ற கிளிஞ்சல் துண்டு அரைவைப்பையில் கிடந்து மெல்ல மெல்லக் கரைந்து விடியும்வரை கால்சியம் கொடுக்கும். மாவு சீக்கிரமே குடலைக் கடந்துவிடும். என் வீட்டில் நாலு மணிக்கு மேல் கிளிஞ்சல் கொட்டாங்குச்சியைச் சுற்றித்தான் கூட்டம். டக் டக் என்று கொத்தும் சத்தம் திண்ணை வரைக்கும் கேட்கும். காலையில் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

முட்டை ஓட்டையே திருப்பிப் போடலாமா என்றால், போடலாம். கழுவி, வெயிலில் காயவைத்து, வெறும் வாணலியில் ஒரு புரட்டுப் புரட்டி, இது முட்டை ஓடு என்று அடையாளம் தெரியாத அளவுக்கு நொறுக்கிப் போடுங்கள். பாதி ஓடாகப் போட்டால் தன் முட்டையையே கொத்தும் பழக்கம் வந்துவிடும், வந்தால் நிறுத்துவது கஷ்டம். வெற்றிலைச் சுண்ணாம்பைக் கட்டியாகப் போடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. வேண்டாம். அதன் காரம் வாயையும் குடலையும் புண்ணாக்கிவிடும்.

முருங்கைக்கீரையிலும் கேழ்வரகிலும் கால்சியம் கொட்டிக் கிடக்கிறது, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். மனிதருக்கு அது நிறையத்தான். 100 கிராம் முருங்கைக்கீரையில் 440 மில்லிகிராம், கேழ்வரகில் 344 மில்லிகிராம். கோழிக்கு ஒரு ஓட்டுக்கே 2 கிராம் வேண்டும். முருங்கைக்கீரையிலேயே அதை எடுக்க வேண்டுமானால் ஒரு கோழி தினமும் 450 கிராம் கீரை தின்ன வேண்டும். உடம்பில் பாதிதான் சேரும் என்று பார்த்தால் அது இரட்டிப்பாகும். நடக்காத காரியம். கீரையைக் கீரையின் நன்மைக்காகக் கொடுங்கள், ஓட்டுக்குக் கிளிஞ்சல்தான்.

கீரையின் நன்மை பெரியது. மஞ்சள் கரு வெளிறிப் போகாமல் நல்ல நிறத்தில் இருப்பதற்கு முருங்கை, அகத்தி, வேலிமசால், அறுகு எல்லாம் உதவும். அடைத்து வளர்க்கும் கோழி ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கும். அதைத் தணிக்க நான் கண்ட எளிய வழி, ஒரு கட்டு முருங்கைக் கொத்தைக் கோழியின் தலைக்குச் சற்று மேலே கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது. எம்பி எம்பிக் கொத்தி, ஒரு மணி நேரம் அதிலேயே போகும். தரையில் போட்டால் மிதித்து வீணாக்கும். நீளமான முற்றிய புல்லை மட்டும் அப்படியே போடாதீர்கள். நார் உருண்டு இரைப்பையில் அடைத்துக்கொள்ளும். விரல் நீளத்துக்கு நறுக்கிப் போட வேண்டும்.

அசோலாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். தண்ணீரில் மிதந்து வளரும் சின்னப் பெரணிச் செடி அது, நல்ல பொருள்தான். ஆனால் தீவனச் செலவு பாதியாகக் குறையும் என்று கேள்விப்பட்டு வளர்த்தவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். ஒரு தடவை என் தொட்டியில் அள்ளிய 1 கிலோ பச்சை அசோலாவை அலசி, தண்ணீர் வடித்து, நிழலில் உலர்த்தி எடை போட்டேன். உள்ளங்கையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கிவிட்டது, 60 கிராம்கூட முழுதாகத் தேறவில்லை. மீதி அத்தனையும் தண்ணீர். உலர்ந்த எடையில் அசோலாவின் புரதம் 25 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அப்படியானால் 1 கிலோ பச்சை அசோலாவில் 15 கிராம் புரதம். ஒரே ஒரு கோழியின் ஒரு நாள் புரதம் அது. எட்டுக் கோழிக்குத் தினமும் கால் கிலோ, அரைக் கிலோ போடுங்கள், கீரைக்குப் பதிலாக. தீவனத்துக்குப் பதிலாக அல்ல. சாணித் தண்ணீரில் வளர்வது என்பதால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசாமல் போடக் கூடாது. முதல் சில நாள் கோழி தொடாது. கொஞ்சம் தவிட்டில் பிசிறி வைத்தால் பழகிக்கொள்ளும்.

புரதத்துக்கு உண்மையிலேயே உதவுவது கரையான். இதைச் செய்யும் வீடுகள் குறைந்துகொண்டே வருவது எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் செலவே இல்லாத வேலை இது. உடைந்த மண்பானை ஒன்று போதும். அதற்குள் கிழிந்த கோணிச் சாக்கு, காய்ந்த சாணி, தென்னை மட்டை நார், பழைய ஓலை எது கிடைக்கிறதோ அதைத் திணித்து, கை நனையும் அளவுக்குத் தண்ணீர் தெளியுங்கள். வேலியோரம் கரையான் புற்று கட்டும் இடம் எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாயங்காலம் அங்கே மண்ணை லேசாகக் கொத்திவிட்டுப் பானையைக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் விடிந்ததும், வெயில் ஏறுவதற்குள் போய்த் தூக்கிப் பார்த்தால் சாக்கின் மடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக நெளியும். அப்படியே கொண்டுபோய்க் குஞ்சுகளுக்கு நடுவில் தட்டிவிட வேண்டியதுதான். ஒரு வாரக் குஞ்சுகூட எப்படித் தேடித் தேடிப் பொறுக்கும் என்பதைப் பார்க்க வேண்டும். ஒன்று கரையானைக் கவ்விக்கொண்டு ஓடும், மற்றதெல்லாம் தன் காலடியில் இருப்பதை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடும். நேரமாகிவிட்டால் எறும்பு வந்துவிடும், அல்லது கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் நாட்களில் அதிகம் சேரும், இந்தக் கோடையில் குறைவாகத்தான் கிடைக்கும். இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். வீட்டு நிலை, கதவு, வைக்கோல் போர் பக்கம் பானையை வைக்காதீர்கள். கரையான் மருந்து ஊற்றிய இடத்திலும், பூச்சிமருந்து அடித்த வயல் ஓரத்திலும் வைக்கவே கூடாது. மருந்து கரையான் வழியாகக் கோழிக்குப் போய், முட்டை வழியாக உங்களுக்கும் வரும்.

இப்போது கருவாடு. மீன் புரதம் கோழிக்கு மிக நல்லது. அரிசியிலும் மக்காச்சோளத்திலும் குறைவாக இருக்கும் லைசின், மெத்தியோனின் என்ற புரதக் கூறுகள் இரண்டும் அதில் உண்டு. ஆனால் கடையில் விற்கும் உப்புக் கருவாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பாகவே இருக்கும். லேயர் தீவனத்தில் தேவையான உப்பை ஏற்கெனவே கலந்துதான் விற்கிறார்கள். அதற்கு மேல் உப்பு போனால் கோழி தண்ணீராகக் குடித்துத் தள்ளும், எச்சம் நீர்த்துப் போகும். தண்ணீர் டப்பா காலியாகக் கிடந்த நாளில் இது நடந்தால் உயிருக்கே ஆபத்து. குஞ்சு இன்னும் சீக்கிரம் விழும். உப்பில்லாமல் வெயிலில் காயவைத்த சிறுமீன் கிடைத்தால் வாரம் இரண்டு நாள், கோழிக்கு ஒரு சிட்டிகை கணக்கில் நொறுக்கிப் போடுங்கள். அதற்கு மேல் போனால் முட்டையில் மீன்வாடை அடிக்கும். கருவாட்டுத் தலைதான் கிடைக்கிறது என்றால் விட்டுவிடுவதே நல்லது.

மிக்சரையும் இதே காரணத்துக்காகத்தான் நிறுத்தச் சொல்கிறேன். காரம் சேராது என்று நினைத்துக் கவலைப்பட வேண்டாம். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, அவற்றின் நரம்பு அதை உணர்வதில்லை. உப்பும் பொரித்த எண்ணெயும்தான் கெடுதல். ஊறுகாய், அப்பளம், பிஸ்கட், உப்புப் போட்டுக் கரைத்த பழைய சோறு எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். உப்புப் போடாத சாதம், இட்லித் துண்டு எப்போதாவது கொஞ்சம் போடலாம். சாதத்தில் பெரும்பகுதி தண்ணீர்தான், வயிற்றை அடைக்கும் அளவுக்குச் சத்து இல்லை. பொட்டுக்கடலை நல்ல புரதம், ஒரு கோழிக்கு ஏழெட்டுப் பருப்பு வரை தாராளமாகப் போடுங்கள்.

புண்ணாக்கு விஷயத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஐப்பசி மாதம், அடைமழை. ஒரு கடையில் கடலைப் புண்ணாக்கு மலிவாகக் கிடைத்தது என்று பாதி மூட்டை வாங்கிப் போட்டேன். ஒரு மூலை கொஞ்சம் பூத்திருந்தது, அதை உடைத்து எறிந்துவிட்டு மீதியை ஊறவைத்துக் கொடுத்தேன். மூன்றாவது வாரம் வளர்ந்த குஞ்சுகள் சிறகைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றன. தீனி எடுக்கவில்லை. பதினொன்றில் ஏழு போய்விட்டது. கால்நடை மருத்துவர் ஒன்றை அறுத்துக் காட்டினார். ஈரல் வீங்கி, மஞ்சள் பூத்து, விரல் பட்டாலே நொறுங்கும் மாதிரி இருந்தது. இது பூஞ்சை நஞ்சு, அஃப்ளாடாக்சின் என்றார். பூத்த இடத்தை வெட்டி எறிந்தால் போதும் என்று நான் நினைத்தது எவ்வளவு பெரிய தப்பு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சைக்கு வெகு தூரம் தள்ளியும் நஞ்சு பரவியிருக்கும், வேகவைத்தாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. இந்த நஞ்சு உலகத்துக்குத் தெரியவந்ததே கடலைப் புண்ணாக்கால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் பிடித்திருந்த பூஞ்சை என்று தெரிந்தது. கோழி வான்கோழியைவிடக் கொஞ்சம் தாங்கும், குஞ்சு தாங்காது.

அதற்காகப் புண்ணாக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. கடலைப் புண்ணாக்கில் 40 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது. புதிதாக ஆட்டியதை, உடைத்தால் முறுக்கு மாதிரி முறியும் பதத்தில் இருப்பதை, பதினைந்து நாளைக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். மூக்கில் வைத்துப் பாருங்கள், கடலை வாசம் தவிர வேறெந்த வாடை அடித்தாலும் வாங்காதீர்கள். மழைக்காலத்தில் நான் எள்ளுப் புண்ணாக்கோடு நிறுத்திக்கொள்கிறேன். அதில் மெத்தியோனின் அதிகம், இறகு முளைக்கும் பருவத்தில் அது நன்றாகவே பிடிக்கும். பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு மாட்டுக்குச் சரி, கோழிக்கு வேண்டாம். அதிலுள்ள காசிபால் என்ற பொருள் மஞ்சள் கருவில் சேர்ந்து, முட்டையை நாலு நாள் வைத்திருந்தால் கரு பாசி நிறத்துக்குப் போய்விடும். உடைத்து ஊற்றும்போது பயந்துவிடுவீர்கள். தவிடு வாங்குவதானால் அரைத்த அன்றோ மறுநாளோ உள்ளதாக வாங்குங்கள். எண்ணெய்ச் சத்து அதிகம் என்பதால் சீக்கிரம் சிக்குவாடை பிடித்துவிடும்.

போடவே கூடாதவையும் சில இருக்கின்றன. வேகவைக்காத ராஜ்மா, மொச்சை, சோயா. பச்சை நிறம் ஏறிய உருளைக்கிழங்கும் அதன் தோலும். அவகாடோப் பழத்தின் தோலும் கொட்டையும், சதையும் வேண்டாம். சாக்லேட், காபித் தூள் சக்கை, டீத்தூள் சக்கை. பச்சை மரவள்ளிக்கிழங்கின் தோலும் இலையும்: அதில் சயனைடு உண்டு, கிழங்கைத் தோல் சீவி வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும். வெங்காயத்தைக் குப்பைத் தோலாக அள்ளிக் கொட்டாதீர்கள், அதிகமானால் ரத்தம் கெடும். நாட்டு வைத்தியத்தில் சின்ன வெங்காயத்தை மருந்தளவில் இடித்துக் கொடுப்பது வேறு சங்கதி. சமைத்த, சமைக்காத கோழிக் கழிவை உங்கள் கோழிக்கே போடுவதும் வேண்டாம். கடையிலிருந்து வந்த நோய் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் நுழையும்.

உங்கள் ஓட்டுப் பிரச்சினைக்கு இன்னொரு காரணம் வெயில். கோழிக்கு வேர்க்காது. வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். அப்படி ஓயாமல் இரைக்கும்போது ரத்தத்தில் இருக்க வேண்டிய கரியமில வாயு மூச்சோடு போய்விடுகிறது. ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருப்பது கால்சியம் கார்பனேட். அந்தக் கார்பனேட்டுக்கு ஆதாரமே குறைந்துவிடுவதால், கால்சியம் இருந்தும் ஓடு மெலியும். போதாக்குறைக்கு வெயிலில் தீவனமும் குறைவாகவே எடுக்கும். இந்த இரண்டு மாதமும் தீவனத்தை விடியற்காலையிலும் ஐந்து மணிக்கு மேலும் பிரித்து வையுங்கள். உச்சி வெயிலில் தானியம் போடாதீர்கள், செரிக்கும்போது உடம்புச் சூடு இன்னும் ஏறும். அந்த நேரத்துக்குத்தான் வெள்ளரி, தர்பூசணித் தோல், பப்பாளி, முளைகட்டிய கம்பு எல்லாம் பொருத்தம். முளைகட்டியதில் நூல் நூலாகப் பூஞ்சை தெரிந்தால் எருக்குழியில் போட்டுவிடுங்கள். தண்ணீர் டப்பாவை நிழலில் வைத்து, மத்தியானம் ஒரு தடவை பானைத் தண்ணீரை மாற்றி ஊற்றுங்கள். மற்ற எல்லாக் கொசுறையும்விட இந்தக் குளிர்ந்த தண்ணீர் கோழிக்கு அவசியம்.

சாயங்காலத் தானியத்துக்குக் குருணையைவிடக் கம்பு நல்லது, புரதம் 11 சதவீதத்தை ஒட்டி இருக்கும். சோளமும் உடைத்த மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடலாம். மக்காச்சோளம் கருவுக்கு நிறம் கொடுக்கும், ஆனால் கொழுப்பும் ஏற்றும். ஒரே இடத்தில் கொட்டாமல் விசிறிப் போடுங்கள். அப்போதுதான் ஒதுங்கி நிற்கும் சாதுவான கோழிக்கும் கிடைக்கும், எல்லாம் கிளறித் தேடும் வேலையும் நடக்கும். இருட்டியதும் கூண்டில் கையை விட்டு ஒவ்வொன்றின் இரைப்பையையும் தொட்டுப் பாருங்கள். மிருதுவாக நிறைந்திருக்க வேண்டும். கல் மாதிரி இறுகியோ, தண்ணீர்ப் பை மாதிரி தளும்பியோ இருந்து, காலையிலும் அப்படியே இருந்தால் அடைப்பு. அடைத்து வளர்ப்பதானால் ஆற்றுமணலில் சலித்த சிறு கல் ஒரு தட்டில் இருக்கட்டும். பல் இல்லாத உயிருக்கு அரைப்பதற்கு அதுதான் உதவி.

சிறுவிடை எப்போதாவது அடைக்கு உட்கார்ந்து குஞ்சு பொரித்தால் ஒன்றை மறக்காதீர்கள். லேயர் தீவனத்தைக் குஞ்சு தின்னக் கூடாது. அதிலுள்ள கால்சியம் வளரும் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். தாயும் குஞ்சும் சேர்ந்து திரியும் காலத்தில் எல்லாவற்றுக்கும் குஞ்சுத் தீவனமே போட்டு, பெரிய கோழிகளுக்குக் கிளிஞ்சலைக் குஞ்சுக்கு எட்டாத உயரத்தில் தனியாக வைப்பது நான் கடைப்பிடிக்கும் முறை. அடைக்கோழி நாளில் ஒரு தடவைதான் எழுந்து வரும். அப்போது கைப்பிடி முழுத் தானியமும் தண்ணீரும் தயாராக இருந்தால் சீக்கிரம் தின்றுவிட்டுத் திரும்பிவிடும். இறகு உதிர்க்கும் கோழிக்குத் தானியத்தைக் குறைத்து, கரையான், சிறுமீன், எள்ளுப் புண்ணாக்கு பக்கம் கையைத் திருப்புங்கள். இறகு என்பது ஏறக்குறைய முழுக்கப் புரதம்தான்.

தோல் முட்டை போட்ட கோழியைக் கண்டுபிடித்து, காலில் ஒரு நூல் கட்டி வையுங்கள். காலையில் லேயர் தீவனம் மட்டும், சாயங்காலம் கிளிஞ்சல், உச்சியில் நிழலும் பானைத் தண்ணீரும் என்று இரண்டு வாரம் விடாமல் செய்தால் மற்றவற்றின் ஓடு தடிப்பதைக் கையிலேயே உணர்வீர்கள். நூல் கட்டிய கோழி மட்டும் மூன்று வாரம் கழித்தும் தோல் முட்டை போட்டாலோ, ஓட்டில் சுருக்கம் விழுந்து வந்தாலோ, மூச்சில் கறகற சத்தம் கேட்டாலோ அது தீனிக் கோளாறு இல்லை. அதைத் தனியாகப் பஞ்சாரத்தில் கவிழ்த்துவிட்டு, கடைசியாக இட்ட இரண்டு முட்டையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.